2 கிலோபைட்டில் குடித்தனம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆர்டுயினோ ஊனோவில் 128×64 ஓஎல்இடி திரை, எஸ்டி கார்டு, வெப்பநிலை சென்சார் மூன்றையும் சேர்த்தேன். கம்பைல் செய்தால் நினைவகம் 58 சதவீதம்தான் நிரம்பியிருப்பதாக வருகிறது. ஆனால் திரை எரியவே இல்லை. தனியாக இணைத்தால் நன்றாக எரிகிறது. ஒயரிங்கில் தப்பா?

பதில்: ஒயரைத் தொடாதீர்கள், கணக்கைப் பாருங்கள். ஊனோ போர்டை இயக்கும் ஏடிமெகா328பி சிப்பில் ரேம், அதாவது நிரல் ஓடும்போது தரவு வைக்கும் நினைவகம், 2048 பைட். அதில் 58 சதவீதம் போனால் மிச்சம் சுமார் 860. எஸ்எஸ்டி1306 திரைக்கான அடாஃப்ரூட் லைப்ரரி, ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று முழுத் திரைக்கும் 1024 பைட்டை, திரையைத் தொடக்கும் பிகின் கட்டளை ஓடும்போதுதான் கேட்கிறது. கம்பைலருக்குக் குளோபல் மாறிகள் மட்டுமே கண்ணில் படும். இந்த 1024 படாது. கேட்ட இடம் கிடைக்காவிட்டால் பிகின் 'ஃபால்ஸ்' என்று திருப்பித் தரும். நீங்கள் அதைச் சோதிக்காமல் விட்டிருப்பீர்கள்.

முதலில் சீரியலில் அச்சிடும் செய்திகளை எஃப் மேக்ரோவுக்குள், அதாவது F("...") என்று, போடுங்கள். இந்தச் சிப்பில் நிரல் நினைவகமும் ரேமும் தனித்தனி. அதனால் மேற்கோளுக்குள் எழுதும் ஒவ்வொரு எழுத்தும், கூடவே முடிவுக் குறிக்கு ஒரு பைட்டும், தொடக்கத்திலேயே ரேமுக்குப் பிரதி எடுக்கப்படும். 20 எழுத்துச் செய்தி 20 இருந்தால் 420 பைட் மிச்சமாகும். திரையும் எரியும். ஆனால் அதற்குப் பிறகு ஸ்டாக்குக்கு (ஃபங்ஷன்கள் ஓடும்போது எடுக்கும் தற்காலிக இடம்) 250 பைட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். அதை நம்பி எஸ்டி கார்டில் எழுத நான் சொல்ல மாட்டேன்.

யு8ஜி2 லைப்ரரிக்கு மாறி, திரையை அறிவிக்கும் பெயரில் எஃப் வரும் வகையை விட்டுவிட்டு 1 வரும் வகையை எடுங்கள். அது 128 பைட்டோடு ஒப்பேற்றும். திரையை எட்டுப் பட்டைகளாகப் பிரித்து, உங்கள் வரையும் பகுதியை எட்டு முறை ஓட்டும்; அவ்வளவுக்கு வேகம் குறையும். ஒன்றில் கவனம் வேண்டும்: சென்சாரை அந்தச் சுற்றுக்குள் படிக்காதீர்கள். நடுவில் மதிப்பு மாறினால் ஒரே எண்ணின் மேல்பாதி 27 ஆகவும் கீழ்பாதி 28 ஆகவும் தெரியும். வெறும் எழுத்து மட்டும் போதுமென்றால் யு8எக்ஸ்8 இருக்கிறது. அதற்குத் திரைப் படத்தை ரேமில் வைக்கும் பஃபரே தேவையில்லை.

கேள்வி: அதே போர்டுதான். ஸ்ட்ரிங் வகையில் வரிகளை ஒட்டி ஒட்டிக் கார்டில் எழுதுகிறேன். சில மணி நேரம் ஓடியபின் பாதி வரி காணாமல் போகிறது, சிலசமயம் போர்டே ரீசெட் ஆகிறது.

பதில்: ஸ்ட்ரிங் நீளும்போதெல்லாம் ஹீப்பில் (ஓடும்போது கேட்டு வாங்கும் ரேம் பகுதி) புது இடம் தேடுகிறது, பழைய இடம் ஓட்டையாக நிற்கிறது. இடம் கிடைக்காவிட்டால் சத்தமே இல்லாமல் ஒட்டாமல் விட்டுவிடும். பாதி வரி அதனால்தான். ஸ்டாக் மேலிருந்து கீழே இறங்கி ஹீப்பில் மோதினால் தடுக்க இந்தச் சிப்பில் காவல் கிடையாது. ரீசெட்டுக்கு அதையே சந்தேகிப்பேன்.

40 பைட் கேர் அரே (எழுத்துகளுக்கான மாறாத அளவு வரிசை) ஒன்றை வைத்துக்கொண்டு, வரியை வடிவமைத்து எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் கொண்டு நிரப்புங்கள். இங்கே எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழுவார்கள்: ஊனோவில் அது தசம எண்ணை அச்சிடாது, கேள்விக்குறியைத்தான் போடும். 27.4 டிகிரியை 274 என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டு, எழுதும்போது பத்தால் வகுத்து ஈவையும் மீதியையும் புள்ளி வைத்துப் பிரியுங்கள். இந்த எட்டு பிட் சிப்பில் தசமக் கணக்கு முழுவதும் மென்பொருளில்தான் நடக்கிறது, எனவே வேகமும் கூடும். முழு எண் வகையான இன்ட் 32767 வரைதான் தாங்கும். மில்லிஸ் மில்லிவிநாடியில் தரும் நேரத்தை, அதைவிடப் பெரிய அன்சைன்டு லாங்கில் வையுங்கள்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை பைக்கோ போர்டில் மைக்ரோபைத்தான் (சிறு சிப்புகளுக்கான பைத்தான்). அளவீடுகளைத் தசம எண்ணாக லிஸ்டில் அப்பென்ட் செய்கிறேன். எப்போதும் 4096 அளவீட்டுக்குப் பிறகு '32768 பைட் ஒதுக்க முடியவில்லை' என்று மெமரி எரர். காலி இடமோ 60,000 பைட்டுக்கு மேல் காட்டுகிறது. இது எப்படி?

பதில்: அந்த 4096தான் துப்பு. லிஸ்ட் 4 இடத்தில் தொடங்கி, நிரம்பும்போதெல்லாம் இரட்டிப்பாகிறது: 8, 16, கடைசியில் 4096. அடுத்தது 8192 இடம். ஓர் இடத்துக்கு 4 பைட் என்றால் சரியாக 32768. அதுவும் ஒரே துண்டாக வேண்டும். மைக்ரோபைத்தானின் குப்பை அகற்றி, வேண்டாததை விடுவிக்குமே தவிர உயிரோடிருப்பதை நகர்த்தாது. பஸ்ஸில் ஆங்காங்கே ஒற்றை இருக்கை காலி, குடும்பமாக உட்கார வழியில்லை, அந்த நிலைமை. குப்பை அகற்றியை ஓட்டும் ஜிசி கலெக்டை எத்தனை முறை கூப்பிட்டாலும் இருக்கை நகராது.

இன்னொரு செலவும் இருக்கிறது. ஒவ்வொரு தசம எண்ணும் ஹீப்பில் தனியே 16 பைட் பிடிக்கும், லிஸ்டில் அதைச் சுட்ட இன்னும் 4. ஆக 5000 அளவீட்டுக்கு ஒரு லட்சம் பைட். அரே மாட்யூலில் எஃப் வகைக்கு (4 பைட் தசம எண்) 20,000 போதும். சென்சாரின் மின்னழுத்தத்தைப் படிக்கும் ஏடிசி ரீட் யு16 தருவதே 0 முதல் 65535 வரையான முழு எண்தான். அதை மாற்றாமல் ஹெச் வகையில் (2 பைட் முழு எண்) போட்டால் 10,000 பைட். டிகிரியாக மாற்றுவதைக் காட்டும்போது செய்துகொள்ளலாம்.

அந்த அரேயை நிரலின் முதல் வரிகளிலேயே, ஹீப் சிதறுமுன், 5000 பூஜ்ஜியங்களோடு உருவாக்கிவிடுங்கள். பிறகு அப்பென்ட் வேண்டாம், இட எண் போட்டு எழுதுங்கள். ஃபைல் படிப்பதிலும் அதே வழக்கம்: ரீட் ஒவ்வொரு முறையும் புது இடம் கேட்கும், ரீட்இன்டு ஏற்கெனவே உள்ள பைட்அரேயை நிரப்பும்.

கேள்வி: இதெல்லாம் பார்த்தால் சி மொழிக்கே போய்விடலாமா?

பதில்: விநாடிக்கு ஒருமுறை சென்சார் படிக்கவா? வேண்டாம். அங்கே எந்த மொழியானாலும் பெரும்பாலான நேரம் காத்துக்கொண்டுதான் இருக்கும். டபிள்யுஎஸ்2812 எல்இடி போல ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோவிநாடி என்று கறாராகக் கேட்கும் வேலையைச் சாதாரண பைத்தான் வரிகளால் ஓட்ட முடியாது. ஆனால் பைக்கோவில் அதற்கும் பிஐஓ என்ற தனி வன்பொருள் உண்டு. நடுவில் ஒரு கணக்குச் சுற்று மட்டும் இழுத்தால் அந்த ஃபங்ஷனுக்கு மேலே நேட்டிவ் டெக்கரேட்டரைப் (ஃபங்ஷனை நேரடி இயந்திரக் குறியாக மாற்றச் சொல்லும் வரி) போட்டு நேரத்தை அளந்து பாருங்கள். முழு எண் வேலையானால் வைப்பர் என்ற இன்னொரு டெக்கரேட்டர் இன்னும் விரைவு. ரேம் போதவில்லை என்பதற்காக மாறுவதென்றால், மேலே சொன்ன அரேயை முதலில் முயன்றுவிட்டு வாருங்கள்.