பாலி டிக்கெட்டில் 18,000 மிச்சமா? பெட்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: தஞ்சாவூரில் இருக்கிறோம். மே லீவில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் பாலி போகிறோம். திருச்சி–கோலாலம்பூர் ஒரு கம்பெனி, அங்கிருந்து பாலிக்கு வேறு கம்பெனி என்று தனித்தனி டிக்கெட் எடுத்தால், போக வர மொத்தம் 1,04,000 ரூபாய். ஒரே பிஎன்ஆரில் (முழுப் பயணமும் ஒரே புக்கிங்கில்), தலைக்கு 20 கிலோ லக்கேஜோடு 1,22,000. முதலாவதையே போட்டுவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள் சார். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1,04,000 என்பது ஆளுக்கு 7 கிலோ கைப்பையோடு ஏறுவதற்கான விலை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் போகிறவர்களுக்கு இரண்டு பெட்டியாவது வேண்டும், ஒரு பெட்டிக்கு ஒரு ஃபிளைட்டுக்கு 1,900 என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. போக இரண்டு ஃபிளைட், வர இரண்டு, ஆக இரண்டு பெட்டிக்கும் 15,200. உங்கள் 18,000-இல் கையில் நிற்பது 2,800தான்.

அந்த 2,800-க்காக என்ன பாடு படப்போகிறீர்கள் என்று பாருங்கள். தனி டிக்கெட் என்பதால் கோலாலம்பூரில் இமிக்ரேஷன் முடித்து வெளியே வந்து (அதற்கு மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும்), பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் வரிசையில் நிற்க வேண்டும். உங்களுக்கு இருப்பது 2 மணி 10 நிமிடம், கவுன்டரோ ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். திருச்சியில் ஃபிளைட் லேட்டானால் இரண்டாவது கம்பெனிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை, நாலு டிக்கெட்டும் போச்சு, அங்கேயே அன்றைய விலைக்குப் புதிதாக எடுக்க வேண்டும். நானே ஒருமுறை இப்படி 3,000 மிச்சம் பிடிக்கப் போய் 19,000 அழுதேன், வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். தனி ஆள், முதுகில் ஒரே பை, இடையில் ஒரு ராத்திரி தங்கலாம் என்றால் நானே தனி டிக்கெட்தான் எடுப்பேன். உங்களுக்கு ஒரே பிஎன்ஆர்தான் சரி. பணம் கட்டுமுன் பெட்டி நேராக பாலிக்கே போகுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் பக்கம் ரூபாயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலேசிய ரிங்கிட்டில் இருந்தால் பல கிரெடிட் கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை மார்க்கப் (வெளிநாட்டுப் பணத்தில் கட்டுவதற்கான கூடுதல் கட்டணம்), அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. அப்புறம், பிளான் மாறி ரத்து செய்தால் 'நான்-ரீஃபண்டபிள்' என்று சொன்னாலும் விடாதீர்கள், அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வர வேண்டிய பணம், கேட்டு வாங்குங்கள்.

எந்த டிக்கெட் எடுத்தாலும் பாலியில் இறங்கியதும் விசா ஆளுக்கு 5 லட்சம் ரூபியா, பிள்ளைகளுக்கும் சேர்த்து. நாலு பேருக்கு 20 லட்சம் என்றதும் பதறாதீர்கள், நம் பணத்தில் பத்து, பதினோராயிரம்தான். அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.