வீபிஎன் இணைகிறது, ஃபைல் திறக்கவில்லை: புது ரவுட்டர் வாங்கணுமா?

கேள்வி: வீட்டிலிருந்து வீபிஎன் (இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் தனி வழி) போட்டால் 'கனெக்டட்' என்று வருகிறது. 192.168.1.1 அடித்தால் அலுவலக ரவுட்டரின் பக்கம்கூடத் திறக்கிறது. ஆனால் ஃபைல் சர்வரும் பிரிண்டரும் கிடைப்பதில்லை. அலுவலக ரவுட்டரை மாற்றச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். இணைப்பு கிடைத்துவிட்டது என்றாலே பாஸ்வேர்டும் சரி, அந்த ரவுட்டரின் வீபிஎன்னும் சரி. குறை அதற்கு அப்பால் இருக்கிறது.

திறக்கிற பக்கத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். லாகின் கேட்கும் இடத்தில் இருப்பது உங்கள் வீட்டு ரவுட்டரின் மாடல் பெயரா? அப்படியானால் நீங்கள் இன்னும் வீட்டைத் தாண்டவே இல்லை. இரு பக்கமும் 192.168.1 வரிசையே ஓடுகிறது. சர்வர் 192.168.1.20 என்றால், கணினி அதை வீட்டுக்குள்ளேயே தேடும், டனலுக்குள், அதாவது வீபிஎன் வழியே, அனுப்பாது. வீட்டு ரவுட்டரின் லேன் (வீட்டு உள் நெட்வொர்க்) முகவரியை 192.168.57.1 ஆக்குங்கள், மாஸ்க் 255.255.255.0 அப்படியே இருக்கட்டும், ரீஸ்டார்ட் செய்து மறுபடி வீபிஎன் போடுங்கள். அலுவலகப் பக்கம் கை வைக்க வேண்டாம். அங்கே மாற்றினால், நிலையான ஐபி (மாறாத நெட்வொர்க் எண்) கொடுத்த பிரிண்டர், கேமரா எல்லாம் அறுந்துபோகும்.

பிறகும் சர்வர் வரவில்லையா? பெயருக்குப் பதில் எண்ணைப் போடுங்கள்: விண்டோஸின் ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக்கோடு, அடுத்து சர்வரின் ஐபி. திறந்துவிட்டால் டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது) மட்டும்தான் பாக்கி. வீபிஎன் அடாப்டரில் அலுவலக டிஎன்எஸ் முகவரியைக் கொடுங்கள்.

எண்ணுக்கும் மசியாவிட்டால் சர்வரின் ஃபயர்வாலைப் பாருங்கள். விண்டோஸில் 'பிரைவேட்' நெட்வொர்க்குக்கான ஃபைல் ஷேரிங் விதி வழக்கமாக 'லோக்கல் சப்நெட்'டுக்கு (சர்வர் இருக்கும் அதே எண் வரிசைக்கு) மட்டும்தான் திறந்திருக்கும். வீபிஎன் உங்களுக்கு 10.8.0.6 போன்ற எண்ணைக் கொடுத்தால், சர்வருக்கு நீங்கள் வெளியாள். பிங்குக்கும் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) இதே கட்டுப்பாடு. எனவே பிங் வராததை வைத்து வழியே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். விதியின் ஸ்கோப்பில், ரிமோட் ஐபி பகுதியில் 10.8.0.0/24 (அதாவது 10.8.0 வரிசை முழுவதும்) சேர்த்தால் போதும். அவசரத்தில் 'எனி' கொடுத்துவிடாதீர்கள், சர்வர் எல்லாருக்கும் திறந்துகொள்ளும்.

பிரிண்டர் மட்டும் அடம்பிடித்தால் அதன் கேட்வே (வேறு வரிசைக்கு அனுப்ப வழிகாட்டும் ரவுட்டரின் முகவரி) காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். கேட்வே இல்லாத பிரிண்டருக்கு வேறு வரிசையில் இருக்கும் உங்களுக்குப் பதில் அனுப்ப வழி தெரியாது. சின்ன ஃபைல் திறந்து பெரியது பாதியில் நின்றால், வீபிஎன் அடாப்டரின் எம்டியூவை (ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1400க்கு இறக்கிப் பாருங்கள்.

என்றாவது ரவுட்டர் வாங்க நேர்ந்தால் அட்டைப்பெட்டியில் 'வீபிஎன் சர்வர்' என்று இருக்கிறதா பாருங்கள். 'வீபிஎன் பாஸ்த்ரூ' என்றால் உள்ளேயிருந்து போகும் இணைப்பைக் கடத்திவிடும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் உங்களை அது ஏற்காது.