கையெழுத்து போட்டாச்சு, அப்புறம்?

பஞ்சாலையில் 32 ஆண்டு வேலை பார்த்து, அதில் பாதிக்கு மேல் சங்கப் பொறுப்பிலும் இருந்தவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

பி.எஃப். பென்ஷனை 7,500 ரூபாயும் பஞ்சப்படியுமாக உயர்த்தச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு மனு வந்தது. பேரன் என் பெயரைத் தட்டிவிட்டான். 'உங்கள் கையெழுத்து பதிவானது' என்று வந்தது. இதை யாராவது படிப்பார்களா ஐயா?
– ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, சூலூர்

நானும் உங்கள் ஆள்தான். 1979-ல் ஸ்பின்னிங்கில் சேர்ந்து 2011-ல் வெளியே வந்தேன். பென்ஷன் 1,712 ரூபாய். நம்மை விடக் குறைவாக வாங்கியவர்களுக்காக 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 என்று வைத்தார்கள். பத்து வருஷம் தாண்டியும் அந்த ஆயிரம் அசையவில்லை.

மனுவைப் படிப்பார்களா என்பது அது யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் நாடாளுமன்றமே ஒரு மனுத் தளம் நடத்துகிறது. 10,000 பேர் கையெழுத்திட்டால் அரசு பதில் சொல்லும், ஒரு லட்சம் சேர்ந்தால் சபையில் விவாதிக்கலாமா என்று பார்ப்பார்கள். இங்கே அப்படி ஒரு கணக்கு கிடையாது. தனியார் தளத்தில் எத்தனை லட்சம் பேர் போட்டாலும், யாராவது எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்காதவரை அது அங்கேயே கிடக்கும்.

ஆனால் நாடாளுமன்றத்தில் மனுக் குழு என்று ஒன்று இருக்கிறது. நம்முடைய இதே 1995 பென்ஷன் திட்டத்தைப் பற்றி மாநிலங்களவைக்கு ஒரு மனு போய், பகத்சிங் கோஷியாரி தலைமையிலான குழு விசாரித்து, 2013-ல் குறைந்தபட்சம் 3,000 கொடுக்கச் சொன்னது. மறுவருஷம் வந்தது ஆயிரம்தான். சரி, மூன்றில் ஒரு பங்கு. இருந்தாலும் பென்ஷன்காரர் கூட்டம் எங்கே நடந்தாலும் கோஷியாரி பெயர் வராமல் இருக்காது. நாடாளுமன்றத்தின் ஒரு குழுவே எழுதி வைத்த எண் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கேட்கலாம்.

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கம் பட்ட பாட்டையும் சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்பு ஒரு பையனை வைத்து ஆன்லைன் படிவம் செய்தோம். மூன்று வாரத்தில் 2,300 பெயர். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டு, எம்.பி. ஒருவரைப் பார்க்கப் போனோம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இதில் என் தொகுதிக்காரர்கள் எத்தனை பேர்?" எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. படிவத்தில் பெயரும் போன் நம்பரும்தான் கேட்டிருந்தோம், ஊர் கேட்கவில்லை. காபி கொடுத்து அனுப்பி வைத்தார்.

அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்தோம். பெயர், ஊர், பின்கோடு, எந்த மில், எத்தனை வருஷம் சர்வீஸ், இப்போது என்ன பென்ஷன். இந்தத் தடவை 900 பேர்தான் தேறினார்கள். ஆனால் 640 பேர் அதே தொகுதி. அதில் 1,500 ரூபாய்க்குக் கீழே வாங்குகிறவர்கள் யார் யார் என்று தனித்தாள். அந்தத் தாளைத்தான் அவர் சட்டைப் பையில் மடித்து வைத்தார். உங்கள் மனு பின்கோடு கேட்டதா என்று பேரனிடம் கேளுங்கள்.

கையெழுத்து போட்டவுடன் 'ஆதரவுத் தொகை' என்று கேட்டது. 200 ரூபாய் அனுப்பினேன். சங்கத்துக்குப் போயிருக்குமா?
– வாசகர், பல்லடம்

பெரும்பாலும் போயிருக்காது. இப்படிக் கேட்கிற தளங்கள் பலவற்றில் அந்தப் பணம் மனுவை இன்னும் நாலு பேருக்குக் காட்ட விளம்பரமாகச் செலவாகும். சங்கத்துக்குக் கொடுக்க நினைத்தால் சங்கத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இன்னொன்று: யு.ஏ.என். என்கிற பி.எஃப். நம்பர், ஆதார், ஓ.டி.பி. கேட்கிற எதுவும் மனு கிடையாது. மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

இணையத்தில் கையெழுத்து வாங்கித் தொழிற்சங்கம் எதையாவது சாதித்த கதை உண்டா?
– பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்

உண்டம்மா. ஐரோப்பாவில் குடிநீர் விவகாரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 'குடிமக்கள் முன்முயற்சி' என்று ஒரு சட்டவழி இருக்கிறது. குறைந்தது ஏழு நாடுகளில் போதிய ஆதரவோடு 10 லட்சம் கையெழுத்து சேர்த்தால், ஒன்றியத்தின் ஆணையம் பதில் சொல்லியே ஆகவேண்டும். 2012-ல் அங்குள்ள பொதுச் சேவைச் சங்கங்களின் கூட்டமைப்பு இதைக் கையில் எடுத்தது. தண்ணீரும் கழிவுநீர் வசதியும் மனித உரிமை, அதைச் சந்தைக்கு விடாதீர்கள் என்பது கோரிக்கை. ஜெர்மனியில் ஒரு டி.வி. நகைச்சுவை நிகழ்ச்சியில் இந்தப் பேச்சு வந்தது, அவ்வளவுதான், கையெழுத்து கொட்டியது. சரிபார்த்துத் தேறியவை மட்டும் 16,59,543.

முன்முயற்சி வழியில் இலக்கை முதலில் தொட்டது இதுதான். மனு போய்ச் சேரும் முன்பே, 2013 ஜூனில், பொதுச் சேவைகளைத் தனியாருக்கு விடும் குத்தகை ஒப்பந்தங்கள் பற்றிய புதுச் சட்டத்திலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டார்கள். ஆனால் 2014 மார்ச்சில் ஆணையம் தந்த பதில் சங்கத்துக்குப் பெரிய ஏமாற்றம். கேட்ட சட்டம் வரவில்லை. 2020-ல் குடிநீர் விதிகளைத் திருத்தியபோதுதான், தண்ணீர் எட்டாத ஏழை எளியவர்களுக்கு அது கிடைக்க வழி செய்யவேண்டும் என்று சேர்த்தார்கள். எட்டு வருஷம்! அதுவரை ஒரு சங்கம் விடாமல் பின்னால் போயிருக்கிறது பாருங்கள். எனக்கு 16 லட்சத்தை விட அதுதான் பெரிசாகத் தெரிகிறது.

உங்கள் காலத்தில் மில் வாசலில் கேட் மீட்டிங், வேலைநிறுத்தம். இப்போது கட்டைவிரலால் தட்டிவிட்டுத் தூங்கப் போகிறோம். இது போராட்டமா?
– உணவு டெலிவரி செய்யும் தம்பி, கோவை

கேட் மீட்டிங்குக்கு முன்னால் வந்ததே மனுதான் தம்பி. 1884-ல் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே 5,500 மில் தொழிலாளிகளிடம் கையெழுத்து வாங்கினார். ஞாயிறு விடுமுறை, மத்தியானம் அரைமணி ஓய்வு, மாதம் 15-ம் தேதிக்குள் சம்பளம் என்றெல்லாம் கேட்டார்கள். ஞாயிறு விடுமுறை கிடைத்தது 1890-ல். நடுவில் கூட்டம் போட்டார், பத்திரிகை நடத்தினார், திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த 5,500 பேரும் கையெழுத்துப் போட்டதோடு வீட்டுக்குப் போயிருந்தால் நமக்கு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஏது?

உன்னைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு கேட் கிடையாது. எந்த வாசலில் நின்று பேசுவாய்? ஆகையால் தட்டு. தட்டின கையோடு, உன் கூட நிற்கிற பத்துப் பேரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடு.

அம்மா மில்லில் வேலை பார்த்து 1,000 ரூபாய் பென்ஷன் வாங்குகிறார். கையெழுத்து போடத் தெரியாது. ஆன்லைன் மனுவில் அவரை எப்படிச் சேர்ப்பது?
– வாசகி, சிங்காநல்லூர்

என் மனதைத் தொட்ட கேள்வி இது. ஆயுட்கால நூல் வேலையில் எங்கள் ஆட்களின் விரல் ரேகையே தேய்ந்துவிட்டது. வருஷா வருஷம் உயிர்ச் சான்றுக்குப் போனால் மெஷினில் விரலை வைத்து, எடுத்து, துடைத்து, மறுபடி வைத்து, ஒருத்தருக்கு அரைமணி ஆகும். இப்போது முகத்தைக் காட்டினால் போதும் என்று வந்திருப்பது எவ்வளவோ தேவலை.

ஆன்லைனில் அம்மா பெயரை அவர் சம்மதத்தோடு நீங்களே போடுங்கள். ஆனால் நாடாளுமன்றத்துக்குப் போகிற மனுவில் எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. முழுப்பெயரும் முகவரியும் மட்டும் இருக்கவேண்டும். எங்கள் சங்கத்தில் காகிதப் பிரதியும் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை அழைத்து வாருங்கள், ஸ்டாம்ப் பேடு இருக்கிறது. இடதுகைப் பெருவிரல். சரியாக விழவில்லை என்றால் இன்னொரு தடவை வைத்துக்கொள்ளலாம்.