பக்கத்தைத் தேடுவதிலேயே நேரம் போகிறதா?

செருப்பு விற்கும் எங்கள் தளத்தில் 40,000 பக்கங்கள். சர்வரைப் பெரிதாக்கியும் மெதுவாகத்தான் திறக்கிறது. என்ன செய்யலாம்? (ஆம்பூர்)

சர்வரை அப்புறம் பார்க்கலாம். யூஆர்எல்லை (பக்கத்தின் முகவரியை) வைத்துப் பக்கத்தை எடுக்கும் கொரியின் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையின்) முன்னால் எக்ஸ்ப்ளெயின் என்ற சொல்லைப் போட்டு ஓட்டுங்கள். டைப் என்ற இடத்தில் ஆல் என்று வந்தால், ஒரு பக்கத்துக்காக மொத்த டேபிளையும் புரட்டுகிறது என்று அர்த்தம்.

இண்டெக்ஸே (வரியைச் சட்டென்று கண்டுபிடிக்க உதவும் பட்டியல்) இல்லையென்றால் போட்டுவிடுங்கள். ஆனால் நான் அடிக்கடி பார்ப்பது, இண்டெக்ஸ் இருந்தும் வீணாகக் கிடப்பதைத்தான். லைக் தேடலில் சதவீதக் குறியை முன்னால் வைத்தாலோ, காலமை (டேபிளின் நெடுவரிசையை) சிறிய எழுத்தாக்கும் லோயர் ஃபங்ஷனுக்குள் போட்டாலோ மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் நேராக அந்த வரிக்குப் போக முடியாது. யூஆர்எல்லைச் சேமிக்கும்போதே சிறிய எழுத்தாக்கி, கடைசிச் சாய்கோட்டை நீக்கி வையுங்கள். வருகிற யூஆர்எல்லையும் அப்படியே சுத்தம் செய்து, சமக்குறி போட்டுத் தேடுங்கள்.

இன்னொன்று: ‘கடை/ஆண்கள்/ஷூ’ என்பதைப் படிப்படியாகத் தேடினால் மூன்று கொரி ஆகும். முழுப் பாதையையும் ஒரே காலமில் வைத்தால் ஒன்று போதும். மேல் பக்கத்தின் பெயர் மாறினால் கீழுள்ளவற்றையும் மாற்ற வேண்டும்தான். அது எப்போதாவது நடப்பது. தேடல் ஒவ்வொரு நொடியும் நடப்பது.

வேர்ட்பிரஸ்ஸில் தமிழ் யூஆர்எல் பாதியில் வெட்டுப்படுகிறதே? (குடியாத்தம்)

வேர்ட்பிரஸ் ஸ்லக்கின் (யூஆர்எல்லில் பக்கத்தின் பெயராக வரும் பகுதியின்) அளவு 200 எழுத்து. தமிழ் எழுத்தைச் சதவீதக் குறியோடு மாற்றித்தான் அதைச் சேமிக்கிறது. உயிர்க்குறி, புள்ளி உட்பட ஒவ்வொன்றும் 9 இடம் பிடிக்கும். ‘வேலூர்’ மட்டுமே 54. ‘வேலூர்-ஜலகண்டேஸ்வரர்-கோயில்’ என்று வைத்தால் 227 ஆகிவிடும். ‘கோய’ என்பதோடு நின்றுவிடும். தலைப்பு முழுசாகத் தமிழில் இருக்கட்டும், ஸ்லக்கை மட்டும் நீங்களே சுருக்கி எழுதுங்கள். ‘வேலூர்-கோட்டை’ 109 தான். நம் எழுத்தையே கைவிட வேண்டாம்.

நீளமான யூஆர்எல்லுக்கு ஹாஷ் காலம் (யூஆர்எல்லிலிருந்து கணக்கிட்ட குறுகிய குறியீட்டை வைக்கும் நெடுவரிசை) நல்லதா? (காட்பாடி)

நல்லதுதான். எம்டி5 ஹாஷை 16 பைட் பைனரியாக வைத்து இண்டெக்ஸ் போடுங்கள். சிஆர்சி32 என்ற ஹாஷ் என்றால் 4 பைட்தான், ஆனால் இரண்டு யூஆர்எல்லுக்கு ஒரே எண் வரலாம். அதனால் உண்மையான யூஆர்எல்லையும் கூடவே ஒப்பிடுங்கள்.

இல்லாத பக்கங்களைக் கேட்டே பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) டேட்டாபேஸைத் திணறடிக்கின்றன. (ராணிப்பேட்டை)

‘இல்லை’ என்ற பதிலையும் சில நிமிடம் கேச்சில் (தற்காலிகச் சேமிப்பில்) வையுங்கள். புதுப் பக்கம் வெளியிடும்போது அதன் யூஆர்எல்லை மட்டும் கேச்சிலிருந்து நீக்கினால் சரி.