புறக்கோள் (வேறு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள்) மாதிரி செய்பவர்கள் கேளுங்கள், சொல்கிறேன்

செந்தூல் ஆசிரியை: சார், நட்சத்திரத்துக்கு முன்னால் கோள் போவதுபோல உருண்டை பல்புக்கு முன்னால் களிமண் பந்தைச் சுற்றவிட்டு, கைப்பேசி ஒளிமானியில் வெளிச்சம் குறைவதைக் காட்டினேன். ஒருமுறை 1% குறைகிறது, இன்னொரு முறை 5%. எங்கே தப்பு?

பதில்: பந்தைப் பிடித்த இடத்தில்தான் டீச்சர். நானும் முதல் வருஷம் இதே கூத்தை அடித்தேன், பிள்ளைகள் சிரித்தார்கள். பல்பு 10 செ.மீ., பந்து 1 செ.மீ. என்றால் பரப்பில் நூறில் ஒரு பங்கு மறையும், அதாவது 1%. சூரியனுக்கு முன்னால் வியாழன் போவதை வேறொரு நட்சத்திரத்திலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறையும். ஆனால் பந்து பல்புக்கும் கைப்பேசிக்கும் நட்டநடுவில் வந்தால் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும், மறைவு நாலு மடங்காகிவிடும். மெல்லிய கம்பியில் குத்தி பல்பை ஒட்டியே சுற்றுங்கள், கைப்பேசி இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும், அறை இருட்டாக இருக்கட்டும். கையால் பிடிக்கவே வேண்டாம், கையும் சேர்ந்து மறைக்கும்!

அதே ஆசிரியை: பூமி அளவுக் கோளையும் காட்ட முடியுமா?

பதில்: அதே பல்புக்கு ஒரு ரவை போதும். குறைவது 0.008% தான், கைப்பேசிக்குத் தெரியாது. தெரியாமலே போகட்டும், பிள்ளைகள் தேடி ஏமாறட்டும். புறக்கோள் தேடும் கெப்ளர் தொலைநோக்கியை 2009-இல் ஏன் காற்றுமண்டலத்துக்கு மேலே அனுப்பினார்கள் என்று அப்போதுதான் உறைக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் அப்பா ஒருவர்: தூரத்தையும் அளவோடு காட்டலாமா?

பதில்: திடலுக்குப் போங்கள். கால்பந்து சூரியன், 24 மீட்டர் தள்ளி ஒரு கடுகு பூமி. சரி, பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா எங்கே என்று கேட்பார்கள். அது ஒரு சின்ன எலுமிச்சை, ஆனால் அதை வைக்க கோலாலம்பூரிலிருந்து கிட்டத்தட்ட சிட்னிவரை போகணும். அந்த எலுமிச்சைக்கும் ஒரு கோள் உண்டு, 2016-இல் அறிவித்தார்கள். நான் இதைச் சொன்னதும் ஒரு பையன் 'அப்போ எப்படி சார் பார்த்தாங்க?' என்றான். பார்க்கவில்லை, கோள் இழுப்பதால் நட்சத்திரம் ஆடியதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

படிவம் நான்கு மாணவி: அந்த ஆட்டத்துக்கு என்ன மாதிரி சார்?

பதில்: சத்தே குச்சி ஒன்று போதும்மா. ஒரு முனையில் பெரிய களிமண் உருண்டை, மறுமுனையில் சின்னது. குச்சி சாயாமல் நிற்கும் இடத்தில் நூல் கட்டிச் சுழற்று, பெரியதும் சின்ன வட்டம் போடும். 1995-இல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் 51 பெகாசி நட்சத்திரத்தில் பிடித்தது இந்த ஆட்டத்தைத்தான், அதன் கோள் 4.2 நாளில் ஒரு சுற்று.

அதே மாணவி: கோளுக்கு என்ன நிறம் அடிக்கலாம்?

பதில்: கறுப்பு. நமக்குத் தெரிவது அதன் நிழல் மட்டும்தானே.