பாப்பாவின் சட்டையில் குத்திய கொடி

கடிதம்:

வணக்கம்ங்க. சென்னிமலைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் என் மகள் ஏழாவது படிக்கிறாள். சுதந்திர தினத்தன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் துணியில் செய்த சின்னத் தேசியக் கொடியைச் சட்டையில் குத்திவிட்டார்கள். மறுநாளும் அவள் அதைக் குத்திக்கொண்டே போயிருக்கிறாள். "விசேஷ நாள் இல்லாமல் கொடியைப் போட்டுக்கொள்ளக் கூடாது, அது அவமதிப்பு, கேஸ் ஆகிவிடும்" என்று எல்லோர் முன்னாலும் கழற்ற வைத்துவிட்டார் ஆசிரியர். பாப்பா அழுதுகொண்டே வீடு வந்தாள். கொடி குத்திக்கொள்வது தப்புங்களா? இல்லை, எல்லாப் பிள்ளைகளும் தினமும் குத்திக்கொண்டு வர வேண்டும் என்று நாமே பள்ளியில் கேட்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பே இல்லை. முதலில் அதைப் பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம் 1971-இல் வந்தது. 2005-இல் அதைத் திருத்தியபோது, இடுப்புக்குக் கீழே அணியும் உடையிலோ அணிகலனிலோ கொடி இருக்கக் கூடாது என்று வைத்தார்கள். நெஞ்சில் குத்திக்கொள்வதை அது தடுக்கவில்லை. கைக்குட்டை, மெத்தை உறை, உள்ளாடை, உடைத் துணி இவற்றில் கொடியை அச்சடிப்பதற்கும் பூவேலை செய்வதற்கும் தடை உண்டு. பனியன் கம்பெனிகள் நிறைந்த நம் பக்கத்தில் இது எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விதி. ஆசிரியர் அதைக் கேள்விப்பட்டு, தனியாகக் குத்தும் கொடியோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கலாம்.

விசேஷ நாளில் மட்டும்தான் என்பதும் பழைய கதை. 2002 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள கொடி விதித் தொகுப்பு, மரியாதை குறையாமல் எல்லா நாளும் கொடி ஏற்றப் பொதுமக்களுக்கும் பள்ளிகளுக்கும் இடம் கொடுத்தது. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் கொடி ஏற்றும் உரிமை கேட்டுப் போட்ட வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், மரியாதையோடு கொடியைப் பறக்கவிடுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்றது.

சீருடையில் வேறு எதுவும் குத்தக் கூடாது என்று பள்ளி ஒழுங்கு வைத்திருந்தால் அது வேறு. அப்படியே சொல்லியிருக்கலாம். அவமதிப்பு, கேஸ் என்று ஏழாம் வகுப்புக் குழந்தையை மிரட்டியதுதான் எனக்கு ஆறவில்லை. அதுவும் சென்னிமலையில்! குமரன் பிறந்த மண் அது. 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் கையில் கொடியோடு ஊர்வலம் போனவரைப் போலீஸ் தடியால் அடித்தது, மறுநாள் உயிர் போனது. அப்போது அவருக்கு வயது 27. கொடியைப் பிடிப்பதே குற்றமாக இருந்த காலம் அது. அந்த ஊர்ப் பிள்ளை கொடியைத் தொடப் பயப்படலாமா?

எல்லோரும் தினமும் குத்த வேண்டும் என்று கேட்கலாமா என்றால், வேண்டாம். கட்டாயமானால் அது இன்னொரு அடையாள அட்டையாகிவிடும். கொண்டுவராத பிள்ளையை வெளியே நிறுத்துவார்கள். கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல், ஆனால் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது செல்லாது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனசு வந்து குத்திக்கொள்ளும் பிள்ளையைத் தடுக்கக் கூடாது, மற்றப் பிள்ளையை வற்புறுத்தவும் கூடாது.

எனக்கு அதைவிடப் பெரிய ஆதங்கம் ஒன்று உண்டு. ஆகஸ்ட் 16 காலையில் எந்தப் பள்ளி வாசலிலும் பாருங்கள், காகிதக் கொடிகள் சேற்றில் மிதிபட்டுக் கிடக்கும். விழா முடிந்ததும் அவற்றைக் கீழே போடக் கூடாது, மரியாதை கெடாமல் தனியிடத்தில் அப்புறப்படுத்த வேண்டும் என்று விதி தெளிவாகவே சொல்கிறது. நெஞ்சில் இருந்ததைக் கழற்ற வைத்தவர்கள் தரையில் கிடந்ததைப் பொறுக்கச் சொன்னார்களா?

ஆசிரியரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கொடி விதிகள் உள்துறை அமைச்சக இணையதளத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய், தலைமையாசிரியரிடம் பொறுமையாகக் காட்டுங்கள். பள்ளியில் கொடியேற்றும்போது பிள்ளைகள் மூன்று பக்கம் நிற்க வேண்டும், நான்காவது பக்கத்தின் நடுவில் கம்பம் இருக்க வேண்டும் என்பது வரை அதில் உண்டு. அடுத்த குடியரசு தினத்துக்குக் கொடியை மடித்து, உள்ளே பூவிதழ் வைத்துக் கட்டும் வேலையைப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுங்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். பாப்பாவும் அதில் ஒருத்தியாக இருக்கட்டும்.