இடைவேளைப் பேச்சு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பேய்ப் படம் என்று நம்பிப் போனால் பாதி நேரம் சிரிக்க வைத்து அனுப்புகிறார்கள். உங்களை நிஜமாகவே பயமுறுத்திய தமிழ்ப் படம் எது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: 2012-இல் வந்த 'பீட்சா'. கார்த்திக் சுப்பராஜின் முதல் படம். பீட்சா கொடுக்கப் போன பையன் ஒரு பங்களாவுக்குள் மாட்டிக்கொள்கிறான், கையில் ஒரு டார்ச் லைட், அவ்வளவுதான். விஜய் சேதுபதி அந்த வெளிச்சத்தை எங்கே திருப்புகிறாரோ அங்கே மட்டும்தான் நமக்கும் கண் தெரியும், மிச்சத் திரை முழுக்க இருட்டு, அந்த இருட்டுக்குள் என்ன இருக்கும் என்பதை நம் மண்டையே ஜோடித்துக்கொள்ளும். காட்டாமல் விட்ட இடத்தில்தான் பயம் பிறக்கிறது. முகத்தில் மாவைப் பூசி, திடீரென்று கேமரா முன்னால் நிறுத்தி, ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போட்டால் யாருக்கும் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும். முதுகுக்குப் பின்னால் யாராவது பட்டாசு வெடித்தாலும் அப்படித்தான். அதைப் பயம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்காக 'காஞ்சனா'வைக் (2011) குறைத்துச் சொல்லவில்லை. ஒரு திருநங்கையின் வலியை, சரத்குமாரை அந்த வேடத்தில் நிறுத்தி, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கும் தியேட்டரில் கைதட்டலோடு பார்க்க வைத்தது சின்ன விஷயமா? அதன் பின்னால் வரிசைகட்டி வந்தவர்கள்தான் அலறலையும் அறை வாங்கும் காமெடியையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பேய் என்றால் ஒரு ஃப்ளாஷ்பேக்கும் பழிவாங்க நாலு பேரும் இருந்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயத்தை யாராவது உடைத்தால் தேவலை. 1951-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'மர்மயோகி' தெரியுமா? 'ஏ' சான்றிதழ் வாங்கிய முதல் தமிழ்ப் படம் அதுதான், காரணம் அதில் வரும் பேய்க் காட்சிகள். பேயை அந்த அளவுக்கு சீரியஸாக எடுத்துக்கொண்ட காலம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் எட்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு வெட்டுக்குத்துப் படங்களுக்குப் போகிறார். 'படம்தானே' என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (வாசகி, ஈரோடு)

பதில்: படம்தான், ஆனால் எட்டு வயதுக் கண்ணுக்கு அது படம் மட்டும் இல்லை அம்மா. முதலில் சான்றிதழைப் பாருங்கள். முன்பு மொத்தமாக 'யு/ஏ' என்று இருந்ததை இப்போது 7, 13, 16 என்று மூன்று வயது வரம்புகளாகப் பிரித்திருக்கிறார்கள், டிக்கெட் எடுக்கும்போதே தெரிந்துவிடும். '16' என்று போட்டிருக்கும் படத்துக்கு எட்டு வயதுப் பிள்ளை எதற்கு? 'ஏ' படம் என்றால் பேச்சே இல்லை, 18 நிரம்பாதவர்களை அப்பா அம்மா கூட்டிவந்தாலும் உள்ளே விடக் கூடாது.

எனக்கு ஆக்‌ஷன் படங்கள் ரொம்பப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். 'கைதி' (2019) பார்த்தீர்களா? ஒரே ராத்திரி, பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. அதில் எத்தனை பேர் அடி வாங்கினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சிறையிலிருந்து வந்த கதாநாயகன் டில்லி, பிரியாணியை அள்ளி அள்ளித் தின்பது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது, இத்தனை வருஷப் பசியும் அந்தக் கையில் இருக்கும். அவன் அப்படிச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டதால்தான், அவன் அடிபடும்போது நமக்கு வலிக்கிறது. இப்போது வருகிற பல படங்களில் ஆளைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே கத்தியைத் தூக்கிவிடுகிறார்கள், தலை உருள்கிறது, யாருடைய தலை என்று நமக்கு அக்கறை இல்லை. பெரியவர்களுக்கே மரத்துப் போகிறது என்றால் குழந்தைக்கு என்ன ஆகும்?

மகனுக்கு 'காக்கா முட்டை' போட்டுக் காட்டுங்கள். பீட்சா விளம்பரத் தாளைப் பார்த்துப் பார்த்து, தோசை மாவில் காய்கறியைத் தூவி ஆயா ஒன்று சுட்டுக் கொடுப்பார் பாருங்கள், அந்த இடத்தில் அவனும் சிரிப்பான், நீங்களும் சிரிப்பீர்கள், கொஞ்சம் கண்ணும் கலங்கும். வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு நகைச்சுவைக் காட்சியைச் சொல்லச் சொன்னால்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி. எல்லாரும் சொல்லும் பதில்தான், ஆனால் எல்லாரும் நாகேஷைப் பார்க்கிறார்கள், நான் பாலையாவைப் பார்க்கச் சொல்கிறேன். நாகேஷ் வாயாலேயே கதவைத் திறக்கிறார், காலடிச் சத்தம் கொடுக்கிறார், எதிரில் உட்கார்ந்திருக்கும் பாலையா பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதலில் சும்மா ஒரு அலட்சியம், அப்புறம் ஒரு ஆர்வம், அப்புறம் கண் உருளத் தொடங்குகிறது, கடைசியில் பெரிய பண்ணையாருக்கு வேர்த்துக் கொட்டுகிறது. கேட்கிறவர் முழுசாக நம்பியதால்தான் சொல்கிறவர் ஜெயித்தார். இன்றைய காமெடிக் காட்சிகளில் ஒருத்தர் ஜோக் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் முதலில் சிரித்துக் காட்டுகிறார், போதாததற்குப் பின்னணியில் ஒரு டொய்ங் சத்தம். எங்களுக்குச் சிரிக்கத் தெரியும் ஐயா, விட்டுவிடுங்கள்.

இரண்டாவது ஒன்று கேட்டால் 'மைக்கேல் மதன காமராஜன்' (1990), கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குள் மீன் விழும் இடம். கிரேசி மோகன் வசனத்துக்கு அரை நொடி கண் அசந்தாலும் ஒரு சிரிப்பு தவறிவிடும்.

கேள்வி: 'மகாநதி'யை ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியவில்லை. இது படத்தின் குறையா, என் குறையா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: இரண்டும் இல்லை. 1994 பொங்கலுக்கு வந்த படம் அது, பண்டிகை நாளில் குடும்பத்தோடு போனவர்கள் பேச்சில்லாமல் வெளியே வந்தார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து மனிதன், நிலம் நீச்சோடு நிம்மதியாக இருந்தவன், நம்பக் கூடாத ஒருத்தனை நம்பிச் சென்னைக்கு வந்து எல்லாவற்றையும் இழக்கிறான். மீட்டுக் கொண்டுவந்த மகள் தூக்கத்தில் பிதற்றுவதை அந்த அப்பா கேட்டுக்கொண்டிருக்கும் காட்சியை நானும் இன்னொரு முறை பார்க்கத் துணிய மாட்டேன். அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது என்பதை இயக்குநர் சந்தான பாரதியும் எழுதிய கமலும் காட்டவே இல்லை, ஒரு தூக்கப் பேச்சில் சொல்லிவிட்டார்கள். ஒரு தடவையே போதும் என்று ஆக்கிய படம் தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். நீங்கள் தைரியமாக மறுபடி பார்க்காமல் இருக்கலாம்.

கேள்வி: 'சந்திரமுகி' பெரிதா, 'மணிச்சித்திரத்தாழ்' பெரிதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மூலமான மலையாளப் படம்தான். ஷோபனாவுக்கு தேசிய விருது சும்மா கொடுக்கவில்லை. 'சந்திரமுகி'யில் ஜோதிகா ஆடிய கடைசி இருபது நிமிடங்களுக்கு மட்டும் நான் எப்போதும் ரசிகன்.

கேள்வி: 'மெய்யழகன்' படத்தில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கொட்டாவி வந்துவிட்டது. இதை ஏன் கொண்டாடுகிறார்கள்? (வாசகர், சென்னை)

பதில்: உங்களுக்குக் கொட்டாவி வந்தது உங்கள் உரிமை, சண்டைக்கு வரவில்லை. ஆனால் 2024 செப்டம்பரில் அது வெளியான சில நாட்களிலேயே, நீளம் என்று புகார் வந்ததால் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்களே, அதில் எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு. கதை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை: சொந்த ஊரை விட்டுப் போனவன் ஒரு கல்யாணத்துக்குத் திரும்பி வருகிறான், பாசத்தைக் கொட்டுகிற ஒரு உறவுக்காரனைப் பார்க்கிறான், அவன் பெயர் மட்டும் ஞாபகம் வரவில்லை, கேட்கவும் கூச்சம். நம் வீட்டு விசேஷங்களில் இந்தத் தர்மசங்கடம் யாருக்கு நடக்கவில்லை? மணமேடையில் அந்தத் தங்கை, அண்ணன் கொண்டுவந்த பரிசுகளை எல்லார் முன்னாலும் அங்கேயே பிரித்து அணிந்துகொள்வாளே, அங்கே அரவிந்த்சாமியின் முகத்தைப் பாருங்கள். 'பாசமலர்' (1961) அத்தனை வசனத்தில் சொன்ன விஷயம் இது. அந்தப் பழைய படத்தைப் பார்த்து இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளே 'மெய்யழகன்' பார்த்து அழுததையும் நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தமிழில் அறிவியல் புனைகதைப் படம் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: 1963-லேயே எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகம் போய்விட்டார், 'கலை அரசி' என்று படம். அந்தக் கிரகத்தில் எல்லாம் இருக்கும், சங்கீதம் மட்டும் இருக்காது, அதனால் பூமியிலிருந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இந்தக் கற்பனையை நான் மனதாரப் பாராட்டுவேன், வேற்றுக் கிரகவாசி வந்தால் பாட்டு கேட்கத்தான் வருவான் என்று நம் ஊரில் ஒருத்தர் யோசித்திருக்கிறார்.

ஆனால் படமாக எனக்குப் பிடித்தது ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' (2015). கால இயந்திரம் கைக்குக் கிடைத்ததும் நம் பையன்கள் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புவதில்லை, காணாமல் போன பொருட்களை ஜோசியக்காரர் மூலம் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். நம் ஊரில் அந்த மெஷின் கிடைத்தால் அதுதான் நடக்கும், அதனாலேயே நம்ப முடிகிறது. கோடிக்கணக்கில் கிராஃபிக்ஸுக்குச் செலவழிக்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: தமிழ் சினிமாவின் ஆகக் கொடிய வில்லன் யார்? நம்பியாரா, ரகுவரனா, பிரகாஷ்ராஜா? (வாசகர், மதுரை)

பதில்: நீங்கள் சொன்ன மூன்று பேரும் மலைகள். ஆனால் என் ஓட்டு 'உதிரிப்பூக்கள்' (1979) சுந்தரவடிவேலுவுக்கு. விஜயன் நடித்தது. சத்தம் போட மாட்டார், மெதுவாகத்தான் பேசுவார், பள்ளிக்கூடம் நடத்துகிறவர், ஊரில் மரியாதைப்பட்டவர். அந்த மரியாதைக்குள் உட்கார்ந்துகொண்டு நோயாளி மனைவியைச் சொல்லாலேயே கொல்கிறார், மைத்துனி மேல் கண் வைக்கிறார். இப்படி ஒருவர் நம் தெருவிலேயே இருக்கக்கூடும் என்பதுதான் நடுக்கம் தருகிறது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை வைத்துக்கொண்டு மகேந்திரன் செய்த படம் என்றாலும், அதில் முக்கால்வாசி மகேந்திரனுடையதுதான்.

முடிவைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. ஊரே திரண்டு அவரை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அடிதடி இல்லை. இத்தனை நல்லவர்களையும் தன்னைப் போல மாற்றியதுதான் தான் செய்ததிலேயே பெரிய தப்பு என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பிள்ளைகளிடம் விடைபெற்று, தண்ணீரில் இறங்கிப் போய்விடுகிறார். வில்லன் ஒழிந்தான் என்று கைதட்ட ஆள் இல்லை. கரையில் நிற்கும் ஊர்க்காரர்களைப் பார்த்தாலும் சங்கடம், அந்த இரண்டு குழந்தைகளைப் பார்த்தாலும் சங்கடம். இளையராஜாவும் அசோக்குமாரின் கேமராவும் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறார்கள். யார் பக்கம் நிற்பது என்பதை மகேந்திரன் நம்மிடம் விட்டுவிட்டார், நாற்பது வருஷம் கழித்தும் அதைப் பற்றி வீட்டில் விவாதிக்கிறோம் என்றால் அதற்கு அந்த நம்பிக்கைதான் காரணம்.

கேள்வி: பாட்டே இல்லாமல் படம் எடுத்தால் நம் ஜனங்கள் பார்ப்பார்களா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: 'கைதி'யைப் பார்த்தார்களே. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) இன்னும் அழுத்தமான உதாரணம். பாட்டு கிடையாது, பின்னணிக்கு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தின் இசை. சென்னையில் ஒரு சின்ன வீடு கட்ட நினைக்கும் நடுத்தர வர்க்கத்துப் பெண்ணின் கதை, அவ்வளவுதான், ஆனால் சிமெண்ட் மூட்டை குறையும்போது வில்லன் வந்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் இடத்தில் ஒரு பாட்டு வைத்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

அதே சமயம் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்திலிருந்து எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், படமே இல்லை. கதைக்குள்ளிருந்து வந்தால் பத்துப் பாட்டு கூட இருக்கட்டும், வெளிநாட்டில் போய் ஆடிவிட்டு வரும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே எழுந்து போய்விடுகிறாள். எதில் ஆரம்பிக்கலாம்? (வாசகர், புதுச்சேரி)

பதில்: 'அந்த நாள்', 1954. பாட்டு, நடனம், சண்டை எதுவுமே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபர்தான் கதைக் காலம். படம் தொடங்கியதுமே துப்பாக்கிச் சத்தம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார் சிவாஜி. அதற்கப்புறம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்ல, ஒவ்வொரு கதையிலும் சிவாஜி ஒவ்வொரு ஆளாகத் தெரிகிறார். வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, ஏவி.எம். தயாரிப்பு. தேசபக்திப் பாட்டு ஒலிக்க வேண்டிய காலத்தில், ஒரு பெரிய நடிகரைத் தேசத்துரோகியாக நிறுத்த அவர்கள் தயங்கவில்லை, அவரும் தயங்கவில்லை.

இணையத்தில் தேடி முடிவைப் படித்துவிட வேண்டாம் என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள், துப்பறியும் கதைக்கு முடிச்சுதான் உயிர். பண்டரிபாயின் கண்களை மட்டும் முதல் காட்சியிலிருந்தே கவனித்து வரச் சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் யாரைச் சந்தேகப்பட்டாள், எந்த இடத்தில் சந்தேகம் மாறியது என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.